பாவு போலக் காயவைத்த வேம்பு

‘உங்கள் மரத்தை உங்கள் வாசலிலேயே அறுத்துத் தருகிறோம்’ என்று எங்கள் வண்டியின் பின்னால் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு ஒருநாள் பெரிய காஞ்சிபுரத்தில் ஸ்கூட்டர்காரர் ஒருவர் வண்டியை மறித்து, “முருங்க மரம் அறுப்பீங்களா?” என்று கேட்டார். “அறுக்கலாம் சார். பலகை வராது, சாம்பார்தான் வரும்” என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். என் வாய் அப்படி. ரம்பச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திப் பழகியதில், சொல்லத் தேவையில்லாததை உரக்கச் சொல்லிவிடுவேன். சொல்லியே ஆக வேண்டியதை விட்டுவிடுவேன். அப்படி விட்ட ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதக் காரணம், எங்கள் மரக்கடைப் பையன்கள். நான் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ரம்பத்தின் அதிர்வில் விரல்நுனிகளில் உணர்ச்சி போய்விட்டது. சட்டைப் பொத்தான் போடவே மனைவியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கடையில் இப்போது டிராக்டருக்குப் பின்னால் இழுத்துப்போகிற புது மிஷின் வந்திருக்கிறது. வெண்ணெய் மாதிரி அறுக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாரத்துக்கு ஒரு போன் வந்துவிடும். “அண்ணா, பலக முறுக்கிக்கினு நிக்குது. பிளேடு மாத்திடலாமா?” அட பாவிகளா, பலகை முறுக்குவதற்கும் பிளேடுக்கும் என்ன சம்பந்தம்? போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

நான் தொழில் பழகியது மலையில். கல்யாணத்துக்கு முன்னால், பைன் மரம் அறுக்கிற கூலியாக மூன்று வருஷம் மேலே கிடந்தேன். மழை, அட்டை, கம்பளி, ரசம் சாதம் என்று அந்த மூன்று வருஷத்தையும் நாலு வார்த்தையில் சொல்லிவிடலாம். பைன் இளகிய மரம், கத்துக்குட்டிக்கும் இடம் கொடுக்கும். அதன் பிசின்தான் தொல்லை. பல்லில் அப்பிக்கொண்டால் ரம்பம் நகராது, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மரத்தை வெட்டின இடத்திலேயே வெட்டவெளியில் கிடத்தி அறுப்பதற்கு அங்கேதான் கை பழகியது. அப்புறம் ஊர் திரும்பி முசரவாக்கத்தில் கொஞ்ச நாள் உழுதேன். சரிப்படவில்லை. தாமல் போகிற வழியில் மரக்கடை வைத்திருந்த சரோஜா அக்காவிடம் சேர்ந்தேன்.

சரோஜா அக்கா என்னைவிட ஆறு வயது சின்னவர். முதலாளி என்பதால் நான் ‘அக்கா’ என்பேன். வயதில் மூத்தவன் என்பதால் அவர் என்னை ‘கோதண்டண்ணா’ என்பார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். கணவர் போன பிறகு கடையை எடுத்து நடத்தியவர். வட்டித் தொல்லை, வாய்த் தகராறு எதையும் எங்கள் காதுக்குக் கொண்டுவர மாட்டார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார், அவ்வளவுதான். அதைப் பார்த்தாலே நான் ஏதாவது வேலையைக் கையில் எடுத்துக்கொள்வேன்.

மரம் அறுக்கப் போனால் அக்கா முதலில் ரம்பத்தை இறக்க விட மாட்டார். பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு மரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்காரரிடம் கேள்வி கேட்க ஆரம்பிப்பார். இந்த மரத்தில் மாடு கட்டினீர்களா? ஊஞ்சல் போட்டீர்களா? துணிக்கொடி எந்தப் பக்கம்? போஸ்டர் ஒட்டினார்களா, ஆணி அடித்தார்களா? பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். அதற்கப்புறம் பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி, பட்டை மேல் அங்குலம் அங்குலமாகத் தடவுவோம். காந்தம் எங்கேயாவது இழுத்தால் அங்கே உளியால் தோண்டி இரும்பை எடுத்துவிட வேண்டும். ரம்பத்தில் ஓடுகிற பல்சங்கிலி இரும்பில் பட்டால் பல் போகும், சில சமயம் ஆளே போய்விடுவான்.

ஒருமுறை தாமலில் ஒரு மாமரம். காந்தம் கிளைக்கவட்டில் பிடித்துக்கொண்டது. தோண்டினால் உள்ளே ஒரு கதிர் அரிவாள், பிடியில்லாமல். மாட்டி வைத்ததை மரம் மூடி வளர்ந்திருக்கிறது. வீட்டுப் பெரியவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “அய்யய்யோ, இத என் தம்பி பொண்டாட்டி எடுத்துக்கினு போயிட்டான்னு ஊரெல்லாம் சொன்னேனே!” அன்றைக்கு மத்தியானம் தம்பி வீட்டிலிருந்து எங்களுக்கு மோர் வந்தது. அரிவாளைப் பெரியவர்தான் துடைத்துத் தம்பி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

அக்காவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வேலை முடிந்ததும், மரத்தை எப்படி வைக்க வேண்டும் என்று வீட்டுக்காரருக்குச் சொல்லுவார். சொன்னதோடு விட மாட்டார். ஏன் அப்படி என்று காரணம் சொல்லி, அதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லவைப்பார். எனக்கு எரிச்சல் வரும். வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிக் கட்டிவிட்டு நான் பசியோடு நிற்பேன், அவர் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். “மரத்தக் குடுத்தோமா, போனோமான்னு இல்லாம இன்னாக்கா இது?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் போய், கட்டின கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

இனி ஏகாம்பரண்ணா வீட்டு வேப்பமரத்துக்கு வருகிறேன்.

ஏகாம்பரம், அவர் மனைவி கௌரி, இரண்டு பேரும் பட்டு நெசவு. ஒரே தறியில் சேர்ந்து உட்கார்ந்து கரை சேர்த்து நெய்கிறவர்கள். இரண்டு பேரில் கௌரியம்மா கைதான் கை என்று தெருவே சொல்லும், ஏகாம்பரண்ணாவே சொல்லுவார். ஆனால் அது குழித்தறி. தரையில் தோண்டின குழிக்குள் காலை விட்டுத்தான் மிதிக்க வேண்டும். கௌரியம்மாவுக்கு முட்டி போய்விட்டது. குழிக்குள் இறங்கினால் ஏற முடியாது, இரண்டு பேர் தூக்க வேண்டும். மழைக்காலத்தில் குழியில் ஈரம் வேறு. ஒன்றரை வருஷமாக அவர் தறி ஏறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, குறுக்கு நூலைச் சின்னக் குழலில் ஏற்றித் தார் சுற்றிக்கொண்டிருந்தார். நான் முதல்நாள் போனபோது, தண்ணீர் கொடுத்துவிட்டு அவரே சொன்னார்.

“சின்னப் பொண்ணுங்க செய்யற வேலப்பா இது. இத சுத்திக்கினு, அவரு தனியா நெய்யறத வேடிக்க பாத்துக்கினு ஒக்காந்துக்கிறேன். கோயிலுக்குப் போனா, என் கைக்கு வேலையக் குடுத்துட்டு கால எட்த்துக்கோன்னு அம்மன்கிட்ட தப்புத்தப்பா வேண்டிக்கினு வரேன்.”

குழி இல்லாமல் தரைக்கு மேலே நிற்கிற சட்டத்தறி இருந்தால் அவர் நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து நெய்யலாம். அதற்கு மரம் வாங்க வசதியில்லை. அந்த ஐப்பசி மழையில் வாசல் வேம்பு சாய்ந்தது. ரோட்டை மறித்ததால் கிளைகளை வெட்டி அகற்றிவிட்டார்கள். அடிமரம் ஒன்பதடி நீளத்தில் அப்படியே கிடந்தது. அதிலிருந்து தறிக்கு நாலு கால், மேலே இரண்டு நீளச் சட்டம், ஒரு படமரம் எல்லாம் வர வேண்டும் என்றார் ஏகாம்பரண்ணா. படமரம் என்பது நெய்த சேலையைச் சுற்றிக்கொண்டே வருகிற உருளை. மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஒப்பேற்றலாம், படமரம் மட்டும் இம்மியும் முறுக்கக் கூடாது. முறுக்கினால் சேலையின் ஒரு கரை விறைக்கும், மறுகரை தொங்கும்.

அக்கா வாளியில் உட்கார்ந்தார். ஏகாம்பரண்ணாவுக்குக் கேள்வியே தேவைப்படவில்லை. “எங்க தாத்தா பாவு இழுத்துக் கட்டறதுக்கு மொள அட்ச்சது இங்க. அப்பா அட்ச்சது இதுக்கு ஒரு சாண் மேல. நான் அட்ச்சது பின்னாடி” என்று பட்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பாவு என்றால் சேலையின் நீளவாட்டு இழைகள். எங்கள் ஊர் நெசவுத் தெருக்களில் காலையில் பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டி, கஞ்சி போட்டு, கட்டைகள் மேல் இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். அந்தக் கயிற்றைக் கட்ட அந்த வேம்புதான். மூன்று தலைமுறை இரும்பு முளையையும் தோண்டி எடுத்தேன். அவற்றைச் சுற்றி மரம் மை கொட்டின மாதிரி கறுத்திருந்தது. அந்தக் கறுப்பெல்லாம் புறப்பலகையோடு போகிற மாதிரி அக்கா கோடு போட்டுக் கொடுத்தார். நீலப்பொடி தோய்த்த நூலை இழுத்துத் தெறிக்கவிட்டுத்தான் கோடு அடிப்போம், அதற்கென்று ஏகாம்பரண்ணா ஆசையாகப் பட்டுநூல் கொண்டுவந்தார். பட்டில் நீலப்பொடி ஒட்டவில்லை. எங்கள் அழுக்குப் பருத்திக்கயிறுதான் கடைசியில் உதவியது.

அறுப்பு இரண்டு நாள் வேலை. அடிமரத்தை இரண்டு கட்டை மேல் தூக்கிக் கிடத்தி, உருளாமல் ஆப்பு வைத்தேன். உருண்டை மரத்தில் முதல் அறுப்புக்கு நேர்கோடு கிடையாது. அதனால் மேலே ஓர் ஏணியைப் படுக்கவைத்து ஆணியால் இறுக்கி, ரம்பத்தை மாட்டிய சட்டம் அந்த ஏணி மேல் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி விடுவோம். முதல் பட்டை கழன்றபின், அந்தத் தட்டையான முகத்தின் மேலேயே அடுத்த அறுப்பு. அவசரப்பட்டு அழுத்தக் கூடாது. ரம்பம் தன் போக்கில் நகர வேண்டும். பின்னால் அறுத்த வாய் மூடிக்கொள்ளாமல் ஆப்பு அடித்துக்கொண்டே வர வேண்டும். வேப்பந்தூள் மூக்கில் ஏறித் தெருவே தும்மியது. உதட்டை நக்கினால் கசப்பு. மரத்தின் நடு நெஞ்சு எந்தத் துண்டிலும் வராமல் ஒதுக்கினேன். நெஞ்சோடு அறுத்த மரம் என்றைக்காவது வெடித்தே தீரும். படமரத்துக்கும் சட்டத்துக்கும் தனித்தனியாக எடுத்துவிட்டு, நாலு காலுக்கும் சேர்த்து ஒன்பதடியில் ஒரே கனத்த துண்டாக விட்டேன். காய்ந்தபின் நாலாக்கிக்கொள்ளலாம் என்று கணக்கு.

இரண்டாம் நாள் அக்கா வரவில்லை. கண் ஆபரேஷன். நான் தனியாக எல்லாவற்றையும் பின்கட்டு நிழலில் அடுக்கினேன். கனத்த துண்டு அடியில், மற்றவை மேலே. காற்று புக இடையிடையே குச்சி வைக்க வேண்டும். ஏகாம்பரண்ணா பாவிழைகளைப் பிரித்து வைக்கிற பழைய அலகுக் குச்சிகளைக் கொண்டுவந்து கொடுத்தார், அளவெடுத்த மாதிரி பொருந்தின. முனைகள் வெடிக்காமலிருக்க மிச்ச பெயிண்ட் பூசினேன். மேலே கல்லைத் தூக்கி வைத்தேன். “எட்டு மாசம் தொடாதீங்கண்ணா” என்றேன். அவர் தலையாட்டினார். எனக்குப் பசி. கிளம்பிவிட்டேன்.

மாசி மாதம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன், காலை ஏழு மணிக்குத் தெருவில் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பாவு நீட்டுகிற கட்டைகள் வரிசையாக நிற்கின்றன. அதன் மேல் பாவு இல்லை. என் வேப்பஞ்சட்டங்கள் வெயிலில் கிடக்கின்றன. ஏகாம்பரண்ணா குனிந்து ஒவ்வொன்றையும் புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார். கௌரியம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “அந்தாண்டப் பக்கம் இன்னும் காயல பாருங்க” என்று வேலை வாங்கிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“வாப்பா கோதண்டம்! ரெண்டு மாசமா தெனமும் காலைல எட்த்துப் போட்டு, வெயில் ஏறினதும் உள்ள வெச்சுடறோம். கஞ்சி போட்ட பாவ எப்டிக் காய வெப்போம், அப்டி. சீக்கிரம் காஞ்சிடும் இல்ல?”

நான் குனிந்து பார்த்தேன். முனைகளில் விரல் நுழைகிற வெடிப்பு. படமரத்துக்கு வைத்திருந்த துண்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு குச்சியைக் குறுக்கே வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். ஒரு குச்சி கிழக்கே தூக்கியது, மற்றது மேற்கே. முறுக்கிக்கொண்டுவிட்டது. சட்டங்களும் அப்படியே.

கத்தினேன். தெருவே வெளியே வந்து பார்க்கிற மாதிரி கத்தினேன். “தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லியா? இது இன்னா பட்டா, புடவையா? படமரம் போச்சு! எல்லாம் போச்சு!” ஏகாம்பரண்ணா கையிலிருந்த சட்டத்தை மெதுவாகக் கீழே வைத்தார். கௌரியம்மாதான் பேசினார்.

“அவர ஒண்ணும் சொல்லாதப்பா. நான்தான் எடுக்கச் சொன்னேன். சீக்கிரம் காஞ்சா சீக்கிரம் தறி ஏறலாமேன்னு…” அதற்கு மேல் சொல்லாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அப்படியே பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

நேரே கடைக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஜனங்களுக்கு அறிவே இல்லை என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

“தொடாதீங்கன்னு சொன்னீங்க. சரி. ஏன்னு சொன்னீங்களாண்ணா?”

நான் குனிந்து கீழே கிடந்த மரச்சீவலைப் பொறுக்கினேன்.

“அவங்க பரம்பரையா வெயில்ல காய வெச்சே பொழைக்கறவங்க. ஏன்னு தெரியாம நெழல்ல வெச்சுட்டு சும்மா இருப்பாங்களா?” என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். “போயி கடைசித் துண்டு வரைக்கும் பாத்துட்டு வாங்க.”

மறுபடி போனேன். எந்த முகத்தோடு போனேன் என்று கேட்காதீர்கள். பின்கட்டில் எட்டிப் பார்த்தேன். அந்தக் கனத்த துண்டு, கால்களுக்கென்று வைத்தது, அடுக்கின இடத்திலேயே கிடந்தது. “இத ஏன் வெயில்ல போடல?” என்றேன். “எங்க ரெண்டு பேரால தூக்க முடிஞ்சாத்தானேப்பா?” என்றார் கௌரியம்மா, தப்பு செய்த குழந்தை மாதிரி. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. குச்சி வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றன. வெடிப்பு இல்லை. மறுபடி மறுபடி பார்த்தேன்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து கணக்கை மாற்றிப் போட்டேன். முறுக்கின ஒன்பதடியை நாலரை அடியாக வெட்டினால் முறுக்கும் பாதியாகிவிடும், இழைத்தால் மிச்சமும் போய்விடும். தறிக்கால் குட்டைதானே? கெட்டுப்போனவை எல்லாம் கால் ஆகட்டும். காலுக்கு வைத்தது படமரமும் சட்டமும் ஆகட்டும். மறுநாள் ரம்பத்தைக் கொண்டுவந்து கனத்த துண்டை மூன்றாக அறுத்தேன். ஆனால் உள்ளே இன்னும் ஈரம் இருந்தது. திரும்பவும் அடுக்கினேன்.

இந்தத் தடவை வண்டியில் ஏறவில்லை. இரண்டு பேரையும் உட்காரவைத்தேன். “அண்ணா, பாவு ஒரு பக்கம் காஞ்சு, மறுபக்கம் ஈரமா இருந்தா இன்னா ஆவும்?”

“காஞ்ச பக்கம் இழுத்துக்கும். இழ அறுந்துடும்.”

“மரத்துக்கும் அதேதான். வெயில்ல மேல்பக்கம் காஞ்சு சுருங்குது. உள்ள ஈரம். உள்ளுக்கும் வெளிக்கும் சண்ட வருது. அதான் முறுக்கிக்குது, வெடிக்குது. நெழல்ல வெச்சா மெதுவா, எல்லாப் பக்கமும் ஒண்ணாக் காயும்.”

ஏகாம்பரண்ணா குனிந்து அடுக்கிலிருந்த மரத்தைத் தொட்டுப் பார்த்தார். “இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஏம்பா எடுக்கப் போறேன்?” என்றார். அதில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. “தப்பு என்னுதுண்ணா” என்றேன். அதுவரை எந்த வாடிக்கைக்காரரிடமும் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

கௌரியம்மா மேலும் எட்டு மாதம் தார் சுற்றினார். ஒருநாள்கூட ‘ஆச்சா’ என்று கேட்கவில்லை. நான்தான் பத்து நாளைக்கு ஒருமுறை போய்க் குச்சி வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். வெயில் மேற்கே திரும்பினால் அவர் நாற்காலியை விட்டு மெல்ல எழுந்துபோய், அடுக்கின் மேல் பழைய வேட்டியை மறைப்பாகக் கட்டுவார் என்று ஏகாம்பரண்ணா சொன்னார்.

தறி செய்கிற தச்சர் வந்து சட்டத்தறியை நிறுத்தியது ஒரு முகூர்த்த நாள். படமரத்தைப் பொருத்தி உருட்டிப் பார்த்தார். நெய்து சுற்றினால்தான் தெரியும் என்றார். பாவு ஏற்றி, இழை பிணைத்து எல்லாம் ஆக மேலும் சில நாள் போனது. நெய்ய ஆரம்பிக்கிற காலையில் அக்காவும் நானும் போய்த் தறிக்குப் பக்கத்தில் நின்றோம். கௌரியம்மா பலகையில் உட்கார்ந்து, காலை மிதிகளில் வைத்துப் பார்த்தார். யார் பிடிக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஏகாம்பரண்ணா பக்கத்தில் உட்கார்ந்தார். குறுக்கு நூலை இழுத்துப்போகிற நாடா ஓட ஆரம்பித்தது.

ஒரு முழம் ஆயிற்று. படமரத்தில் சுற்றினார்கள். ஏகாம்பரண்ணா இந்தக் கரையை விரலால் தட்டினார், அந்தக் கரையைத் தட்டினார். மறுபடி தட்டினார். “ரெண்டும் ஒரே விறைப்பு” என்றார். அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கௌரியம்மா முகத்தைப் பார்த்தேன், இரண்டு நல்ல வார்த்தை சொல்லுவார் என்று.

அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. துணியையே குனிந்து பார்த்தபடி, “இவ்ளோ நாளு தனியா நெய்ஞ்சு நெய்ஞ்சு கையக் கெட்த்து வெச்சுக்கிறீங்க, கரையப் பாருங்க” என்று கணவரை ஒரு பிடி பிடித்தார். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே என்னிடம் சொன்னார்.

“கோதண்டம், அப்டியே நின்னுக்கினு இருக்காதப்பா. வெளிச்சத்த மறைக்கிற. போ, போ, எனக்கு வேல இருக்குது.”

எத்தனையோ வீட்டு வாசலில் மரம் அறுத்திருக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக எந்த வீட்டிலிருந்தும் நான் விரட்டப்பட்டதில்லை.